இன்டரப்ட்

1956இல் சிங்கப்பூர் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளனாகச் சேர்ந்த லாசரஸுக்கு அதுதான் முதல் வழக்கு. வாடகை அறையைக் காலி செய்யச் சொன்ன வீட்டுக்காரரின் வக்கீல் பேசும்போதே, அங்கே குடியிருந்த சந்திரமதி பதில் சொல்லத் தொடங்கினாள்.

“டோன்ட் இன்டரப்ட்!” என்றார் நீதிபதி.

“பேசாதீங்கம்மா,” என்றான் லாசரஸ் பதற்றத்தில்.

வாயை மூடியவள் வக்கீல் முடித்த பிறகும் திறக்கவில்லை. சொல்ல ஒன்றுமில்லை போலும் என்று நீதிபதி தீர்ப்பு எழுதக் குனிந்தார். வேலை போனாலும் போகட்டும் என்று லாசரஸ் எழுந்தான்.

“ஐயா, தவறு என்னுடையது. பேசவே கூடாதென்று சொல்லிவிட்டேன்.”

நீதிபதி நிமிர்ந்தார். “சரி, கேளுங்கள்.”

“குறுக்க பேசாதீங்கன்னுதான் சொன்னாரும்மா. இப்ப சொல்லுங்க.”

“பதினோரு வருஷமா அங்கதான் இருக்கோம். எம்புள்ளைங்க பொறந்ததும் அந்த ரூம்லதான்,” என்று தொடங்கினாள் சந்திரமதி.

அறை அவளுக்கே நிலைத்தது. லாசரஸின் வேலையும் போகவில்லை.