இரண்டு பக்கமும் ஒரே மாதிரி

"நகருங்க, நகருங்க!"

கண்ணாடிக் கடைக்காரரின் சட்டையைக் கத்தரியால் சரசரவென்று வெட்டி எறிந்தார் டாக்டர். வலது அக்குளுக்குக் கீழே, உடைந்த கண்ணாடி குத்திய காயம். பார்க்கச் சின்னதுதான். ஆள்தான் வெளுத்துப் போயிருந்தார்.

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வலப்பக்கம் வைத்தார், இடப்பக்கம் வைத்தார். கண்களோ மார்பு ஏறி இறங்குவதிலேயே நிலைத்திருந்தன.

"ரெண்டு பக்கமும் காத்து ஒரே மாதிரி போகுது. எக்ஸ்ரேக்குத் தள்ளுங்க!"

அவர் பேசினால் வாசல்வரை கேட்கும். வார்டில் அவருக்கு 'ஒலிபெருக்கி' என்றே பட்டப்பெயர்.

"பயப்படாதம்மா, நுரையீரலுக்கு ஒண்ணுமில்ல" என்றார் கடைக்காரரின் மனைவியிடம். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

தள்ளுவண்டி நடைவழியில் பாதிகூடப் போகவில்லை. கடைக்காரர் காற்றுக்குத் தவித்தார். உதடு நீலம் பாரித்தது. எதிரே வந்த ஜூனியர் டாக்டர் வண்டியை மறித்து, குனிந்து, மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தாள்.

"சார்! வலது பக்கம் சத்தமே இல்ல!"

காதில் விழவில்லையோ என்னவோ, டாக்டர் திரும்பவில்லை. அவள் கையை ஆட்டிய பிறகுதான் ஓடி வந்தார். அங்கேயே விலா இடுக்கில் குழாய் இறங்கியது. புஸ்ஸென்று காற்று, பின்னாலேயே ரத்தம். கை கொஞ்சமும் பிசகவில்லை. உதட்டில் மெல்ல நிறம் திரும்பியது.

"எங்க குலசாமி நீங்கதான்யா!" மனைவி கும்பிட்டாள். டாக்டர் கூனிக் குறுகிப்போனார். அவள் முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

அவர் கை கழுவுமிடத்துக்கு ஜூனியர் வந்தாள். தண்ணீரை நிறுத்திவிட்டு அவர் முகத்துக்கு நேரே நின்றாள்.

"விடுங்க சார். அங்க சந்தைக்கடை மாதிரி இரைச்சல். யாருக்கா இருந்தாலும் தவறியிருக்கும்."

ஆமாம் என்று தலையாட்டினால் போதும், தப்பித்துவிடலாம். வெளியே அடுத்த ஆம்புலன்ஸின் சிவப்பு விளக்கு சுவரில் சுழன்றது. அவர் கழுத்திலிருந்து ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி அவள் கையில் திணித்தார். ஒலிபெருக்கியின் குரல் முதல்முறையாகத் தாழ்ந்திருந்தது.

"இரைச்சல் இல்லம்மா. வலியில அவருக்கு மார்பு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி லேசாத்தான் அசைஞ்சுது. அதப் பாத்துட்டுதான் சொன்னேன். பல மாசமா எல்லாருக்கும் அப்படித்தான் சொல்றேன். இதுல எனக்கு எதுவுமே கேக்கறதில்ல."