பாதி மூடிய வால்வு

மெக்கானிக்குக்குக் காலையில் கண் விழித்ததுமே சந்தேகம் வந்துவிடும். பல் தேய்ப்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். இப்போது அவன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்து வந்தது, சொந்தத் தங்கச்சி புருஷனை.

இருவருக்கும் முதலாளி ஒருவர்தான். ஆற்றில் ஆள் ஏற்றிப் போகும் ஜெட் போட்டை மாப்பிள்ளை ஓட்டுவான்; எஞ்சினைப் பார்த்துக்கொள்வது இவன். பழைய எஞ்சின் போன மாதம் செத்துப்போனது. "புதுசும் போச்சுன்னா, யாரால போச்சோ அவன் வீட்டுக்குக் கிளம்பிடலாம்" என்று முதலாளி சொல்லியிருந்தார்.

பழைய எஞ்சின் செத்தது சூட்டால் அல்ல, குளிரால். படகைத் தள்ளுகிற பம்புதான் எஞ்சினைக் குளிர்விக்கவும் தண்ணீர் அனுப்புகிறது. வேகமாகப் போனால் ஆற்றுத் தண்ணீர் அளவில்லாமல் பாயும், எஞ்சின் சூடேறாது. எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்து உள்ளே எல்லாவற்றையும் தேய்த்துவிடும். அதனால் மெக்கானிக் தண்ணீர்க் குழாயில் ஒரு வால்வைப் பொருத்தி, பாதி மூடி, சூடு காட்டும் முள் நடுவில் நிற்கும்படி செய்தான்.

சாயங்காலம் பார்த்தால் வால்வு முழுசாகத் திறந்து கிடந்தது. இவன் மூடினான். மறுநாளும் அதே கதை.

கேட்டிருக்கலாம், வாய் இருக்கிறதே. ஆனால் கேட்டால் ஆள் உஷாராகிவிடுவான் என்பது இவன் கணக்கு. மாப்பிள்ளையின் பெரியப்பா மகன் ஒருத்தன் மெக்கானிக் வேலை கற்றுவிட்டுச் சும்மா திரிவது வேறு ஞாபகம் வந்தது. அவ்வளவுதான், முடிச்சுப் போட்டாயிற்று. "சாப்டீங்களா மச்சான்?" என்று மாப்பிள்ளை கேட்டால்கூட அதில் உள்குத்து இருப்பதாகப் பட்டது.

ஒரு நாள் காலை வால்வைப் பாதி மூடிவிட்டு, அதன் கைப்பிடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். இப்போ திற, பார்ப்போம்.

மதியம் போன் வந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடினான். மாப்பிள்ளை கட்டிலில் உட்கார்ந்திருந்தான், கை முழுக்கக் கட்டு.

"துறையில ஆளை இறக்கும்போது எஞ்சின் மெதுவாத்தானே ஓடும் மச்சான்? பம்புக்கு வேகம் பத்தாது. பாதி வால்வுல தண்ணியே வராது, முள்ளு சிவப்புக்குப் போயிடும். அதனால தினமும் முழுசா திறந்து விட்டுடுவேன். இன்னைக்குக் கைப்பிடியைக் காணோம். எஞ்சினை நிறுத்தினா படகு ஆத்தோட போயிடும், ஜனங்க இறங்கிக்கிட்டு இருக்காங்க. குறடு வச்சுத் திருகினேன், ஹோஸ் குழாய் பிச்சுக்கிச்சு. எஞ்சினுக்குள்ள கொதிச்ச தண்ணி கையில அடிச்சிடுச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீங்க வச்ச அளவு தப்புன்னு ஆயிடும். முதலாளி காதுக்குப் போனா உங்க வேலை போயிடும். அதான் நானே சமாளிச்சுக்கிட்டேன்."

வேகம் பிடித்ததும் திரும்ப மூட வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாது. துறையில் நிற்கும்போது திறக்க வேண்டும் என்பது இவனுக்குத் தோன்றவில்லை. வேகமாக ஓட்டி மட்டுமே சோதித்திருந்தான்.  மெக்கானிக்கை வெட்கம் பிடுங்கித் தின்றது.

"யாரோ உங்களுக்குக் குழி பறிக்கிறாங்க மச்சான். யாருன்னு பாருங்க."

கட்டிலோரம் நின்ற தங்கச்சி அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "காலையில இவர் போறதுக்கு முன்னாடி போட்ல நீ மட்டும்தானே அண்ணா ஏறினே?"

"ஆமா" என்றான். "நான்தான் கழட்டினேன்."

 மாப்பிள்ளை கட்டுப் போட்ட கையை மெதுவாகத் தூக்கி, இவன் நின்ற பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டான்.