கேமராவைக் கழற்றிவிட்டுப் பார்த்த ரேடியோ

கார்களுக்கு வயரிங் வேலை செய்யும் அவனை வாடிக்கையாளர்கள் எல்லாரும் ‘டாக்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவனும் அதை நம்பிவிட்டான், அங்கேதான் வினை. நாலு பேர் டாக்டர் என்று சொல்லிவிட்டால் அப்புறம் நோயாளி சொல்வது காதில் ஏறாது.

அவனுடைய அக்கா வீட்டுக்காரர் வாடகைக் கார் ஓட்டுகிறவர். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒருவன் குறுக்கே வந்து இடித்துவிட்டு, இவர்மேலேயே பழியைப் போட்டான். “இனிமே சாட்சிக்கு ஆள் தேடி அலையாதீங்க அத்தான்” என்று டாக்டரே முன் கண்ணாடியில் ஒரு கேமராவை மாட்டிக் கொடுத்தான். மலிவான சார்ஜர். வயரைக் கண்ணாடி ஓரமாக அழகாக ஒளித்து ஏற்றினான். அதே ஓரத்தில்தான் டிஜிட்டல் ரேடியோவின் ஆன்டெனாவும் ஒட்டியிருந்தது. அது அவனுக்குத் தெரியாதா? தெரியும். யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

பத்து நாளில் அத்தான் வந்து நின்றார். “மாப்ளே, ரேடியோ பேச மாட்டேங்குது.”

பழைய ரேடியோ என்றால் கொரகொரவென்றாவது ஏதாவது சொல்லும். டிஜிட்டலுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. வந்தால் முழுதாக வரும், இல்லாவிட்டால் வாயே திறக்காது.

டாக்டருக்கு ஒரு தொழில் ஒழுங்கு உண்டு. எந்தக் கார் வந்தாலும் செருகியிருப்பதையெல்லாம் பிடுங்கிவிட்டுத்தான் உள்ளே கை வைப்பான். கேமராவைப் பிடுங்கினான், ரேடியோவைப் போட்டான். கணீரென்று பாடியது. “என் கடையைப் பார்த்தாலே பயந்துடுது அத்தான்” என்று சிரித்தான். ரேடியோவை அணைத்தான், கேமராவைத் திரும்பச் செருகினான், சாவியைக் கொடுத்தான். அத்தான் தெருமுனை திரும்புவதற்குள் ரேடியோ மறுபடி ஊமையாகியிருக்கும்.

இரண்டாவது தடவையும் இதே கதை. மூன்றாவது தடவை அவர் வந்தபோது மாலை நாலு மணி. ரேடியோவைப் போட்டதும், எந்த ரோட்டில் நெரிசல் என்று ஒரு பெண் சொல்லிக்கொண்டிருந்தாள். அத்தான் கார்க் கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

“பாத்தீங்களா? நல்லாத்தானே பேசுது?” என்று டாக்டர் பாதிப் பேச்சிலேயே அணைத்தான்.

“இன்னும் கொஞ்சம் ஓடட்டுமே மாப்ளே.”

“இதுல கேக்க என்ன இருக்கு? நீங்க போகாத ரோடா? எனக்கு நாலு வண்டி நிக்குது.”

அன்றைக்கு அக்காவுக்குப் போன் போட்டும் சொன்னான்: “அத்தான் சும்மா சாக்கு சொல்றாருக்கா. மூணு தடவை பாத்துட்டேன், ரேடியோவுல ஒண்ணுமே இல்ல.” அதற்குப் பிறகு அத்தான் கடைப் பக்கம் வரவில்லை. தொல்லை விட்டது என்றுதான் டாக்டர் நினைத்தான்.

போன வாரம் ரொட்டிக்கடை வேன் ஓட்டுகிறவர் அதே புகாரோடு வந்தார். அந்த வேனிலும் டாக்டர் மாட்டிய கேமராதான். அவர் கொஞ்சம் பிடிவாதக்காரர். “கடையில வச்சுப் பாக்காதீங்க, என்கூட ஒரு ரவுண்டு வாங்க” என்று ஏற்றிக்கொண்டு போனார். ரேடியோ மௌனம். வழியில் போனுக்குச் சார்ஜ் போட வேண்டும் என்று கேமராவின் வயரை வெடுக்கென்று பிடுங்கினார். அந்த நொடியே ரேடியோ பேசியது.

டாக்டருக்குச் சட்டென்று உறைத்தது. கேமராவின் சார்ஜர் கிளப்புகிற மின் இரைச்சல் ரேடியோவின் கழுத்தைப் பிடித்திருக்கிறது. அவனோ, கழுத்தைப் பிடித்த கையை எடுத்துவிட்டு எடுத்துவிட்டு, நோயாளி நன்றாக இருக்கிறான் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனான். வாசலில் நின்ற காரில் நல்ல சார்ஜராக மாற்றினான். வயரைக் கண்ணாடியின் மறுபக்கமாக இழுத்து, அதில் இரைச்சலை அடக்கும் காந்த வளையத்தை மாட்டினான். கேமரா ஓடும்போதே ரேடியோவைப் போட்டான். ஒரு பையன் நெரிசல் நிலவரம் சொன்னான், சுத்தமாகக் கேட்டது.

அத்தான் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி நாலு பத்து. “இந்த நேரத்துக்கு ஒரு பொண்ணுல்ல பேசும்?”

அக்கா வாசற்படியிலிருந்தே சொன்னாள்: “அவ போன மாசமே வேலைய விட்டுட்டா. புருஷனும் பொண்டாட்டியுமா வெளிநாடு போயிட்டாங்க.”

அத்தான் திரும்பி மனைவியைப் பார்த்தார். அப்போதுதான் டாக்டருக்குப் புரிந்தது. ஐந்து வருடத்துக்கு முன் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்ட மகளின் குரலே இந்த வீட்டுக்குள் கேட்கக் கூடாது என்று சொன்னவர் இவர். வீட்டுக்குள் என்றுதானே சொன்னார்! கார் வாசலில் நின்றது. அவள் ரேடியோவில் வேறு பெயர் வைத்துக்கொண்டு பேசியிருக்கிறாள். தூக்கி வளர்த்த தாய்மாமன், பாதிப் பேச்சில் அவளை அணைத்திருக்கிறான்.

“நீங்க கேக்கறது எனக்குத் தெரியும். நான்தான் அவகிட்ட சொன்னேன்” என்றாள் அக்கா. “ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஒரு வாரம் தினமும் ரேடியோவுலயே சொன்னா. ‘கார்ல என்னைக் கேக்கற அப்பா, நான் வெளிநாடு போறதுக்குள்ள ஒரு போன் பண்ணுங்க’ன்னு. நீங்க பண்ணல.”

“எனக்கு எப்படிடீ கேக்கும்?” என்றார் அத்தான். கார் சீட்டில் உட்கார்ந்துவிட்டார்.

“தப்பு என்னுது அத்தான். இப்பவே பேசுங்க” என்றான் டாக்டர்.

“ரேடியோன்னா அவ பேசுவா, நான் கேட்டுக்குவேன். போன்ல நானும்ல பேசணும்.” டாக்டரைப் பார்த்து, “நீயே சொல்லு. ரேடியோ கெட்டிருந்துச்சுன்னு சொல்லு” என்றார்.

அக்கா எண்ணைப் போட்டுக் கொடுத்தாள். டாக்டர் எல்லாவற்றையும் கொட்டினான். கேமரா, சார்ஜர், வயர், தன் புத்திகெட்டதனம் எதையும் விடவில்லை.

“அம்மாவும் அப்பவே ரேடியோ ரிப்பேருன்னுதான் சொன்னாங்க மாமா” என்றாள் மருமகள், மெதுவாக. “மாமா பாத்தாரான்னு கேட்டேன். மூணு தடவை பாத்தாரு, ஒண்ணுமே இல்ல, அப்பா சாக்கு சொல்றாருன்னு நீங்களே சொன்னீங்களாம். இப்ப அவருக்காக நீங்க பொய் சொல்ல வேணாம். வச்சிடறேன்.”

வைத்துவிட்டாள். அத்தான் சீட்டின் நுனிக்கு வந்திருந்தார்.

“என்ன மாப்ளே, என்ன சொன்னா?”

மூன்று தடவையும் சரியாகச் சோதிக்காமலே பதில் சொன்னவன், போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றான்.