பயில்வானின் பனியன்

கொதிக்கிற தண்ணீர்த் தவலையை அடுப்பிலிருந்து இறக்கப் போன கங்கவ்வாவின் கையிலிருந்து பிடிதுணியைப் பிடுங்கினாள் எதிர்வீட்டுக் காசவ்வா.

“கொஞ்சமாவது அறிவிருக்கா அக்கா? இந்த உடம்பை வச்சுக்கிட்டு பாரம் தூக்கலாமா? தள்ளுங்க!”

கங்கவ்வா தள்ளிக்கொண்டாள். நான்கு வருடமாக அந்தத் தெருவில் யாரும் அவளை ஒரு குடம் தண்ணீர் தூக்க விட்டதில்லை. கங்கவ்வாவுக்கு மார்பில் புற்றுநோய் என்று ஊருக்கே தெரியும்.

வாசலில் இரண்டு பெண்கள் குசுகுசுத்தார்கள். “நோயாளி நடமாடுறா. கல்லு மாதிரி இருந்த மனுஷன் மஞ்சக்காமாலையில போயிட்டாரே. என்ன அநியாயம் பாரு!”

உள்ளே சுவரில் சாய்த்து, அவர்கள் வழக்கப்படி சப்பணமிட்டு உட்கார வைத்திருந்த அவள் கணவன் சங்கப்பா பயில்வானுக்குத்தான் மார்பில் புற்று. அது ஈரலுக்குப் போய்த்தான் காமாலை. கங்கவ்வாவுக்கு ஒரு மண்ணும் இல்லை.

முதல் தடவை மருந்துச் சீட்டைப் பார்த்த கடைக்காரர், “இது பொம்பளைங்க மாத்திரையாச்சே பயில்வானே, வீட்டுல அவங்களுக்கா?” என்று கேட்டிருக்கிறார். கோதாவில் எத்தனையோ பேரை மல்லாத்திய மனுஷன், ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார். அடுப்படியில் வந்து நின்று, “உன் பேரைச் சொல்லிட்டேன் கங்கா” என்று முழித்தார். அவளுக்குக் கோபத்தைவிடச் சிரிப்புதான் வந்தது. “போகட்டும். என் பேருக்கு நோயைத்தானே எழுதினீங்க. எவளுக்காவது வீட்டை எழுதி வைக்கலையே” என்றாள்.

அந்தச் சீட்டை எழுதும்போதே ஹூப்ளி டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். “ஈஸ்ட்ரோஜன்னு ஒரு சுரப்பு. பொம்பளைங்களுக்கு நிறைய, ஆம்பளைங்களுக்குக் கொஞ்சமா சுரக்கும். மார்புல இருக்கிற செல்லைப் பார்த்து ‘வளரு’ன்னு சொல்றது அதோட வேலை. வயசுக்கு வர்ற பொண்ணுக்கு மார்பு வளர்றது அதனாலதான். உங்க கட்டியில இருக்கிற செல்லும் அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் பெருகுது. இந்த மாத்திரை அந்தப் பேச்சு அது காதுல விழாமப் பண்ணும்.”

“என் உடம்புல பொம்பளைச் சுரப்பா?”

“எல்லா ஆம்பளைக்கும் உண்டு. எங்க வீட்டுக்காரருக்கும் உண்டு.”

பயில்வான் சமாதானமாகவில்லை. கிளம்பும்போது டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். “இது சில குடும்பத்துல ரத்தத்தோட வரும். உங்க தம்பியையும் ஒரு தடவை கூட்டிட்டு வந்து காட்டுங்க.”

திரும்பி வரும் பஸ்ஸிலேயே அவர் கங்கவ்வாவின் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். செத்தாலும் அந்த மார்பு யார் கண்ணிலும் படக்கூடாது. தம்பி கண்ணில் படவே கூடாது. கோதாவில் இறக்கிவிட்டு வளர்த்த தம்பி, அண்ணன் என்றால் மலை என்று நினைப்பவன். “அவன்கிட்டயாவது சொல்லித் தொலைங்களேன்” என்று அவள் எத்தனையோ தடவை மன்றாடினாள். “பாக்கலாம், பாக்கலாம்” என்றே காலத்தை ஓட்டிவிட்டார்.

இப்போது குளிப்பாட்ட ஆட்கள் வந்துவிட்டார்கள். அழுது வீங்கிய முகத்தோடு தம்பி கொட்ரேஷ் முன்னால் வந்தான்.

“பனியனைக் கழட்டிடலாம் அண்ணி.”

“வேண்டாம். அதோடயே குளிப்பாட்டுங்க. அவர் சொல்லிட்டுப் போனது அது.”

ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். துக்கத்தில் இருப்பவளிடம் யார் வாதாடுவது? கொட்ரேஷ் நனைந்துவிடாமலிருக்கத் தன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திரும்பினான்.

கங்கவ்வா பார்த்துவிட்டாள். அவன் இடது மார்புக்காம்பு உள்ளே இழுபட்டிருந்தது, யாரோ பின்னாலிருந்து நூல் போட்டு இழுத்த மாதிரி. ஐந்து வருடத்துக்கு முன்னால் எண்ணெய் தேய்த்துவிடும்போது கணவனுக்கும் இப்படியே இருந்ததைப் பார்த்தாள். “இது என்னங்க, உள்ள போயிருக்கு?” என்று கேட்டதற்கு, “வயசாகுதுடி” என்று சிரித்தார். அவளும் கூடச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வரும்.

“எல்லாரும் வெளிய போங்க” என்றாள். “கொட்ரேஷ் மட்டும் இருக்கட்டும்.”

“நேரமாகுதம்மா” என்றார் சடங்கு செய்ய வந்திருந்த மடத்து அய்யா.

“நீங்களும்தான் அய்யா.”

கதவைத் தாழிட்டுவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். கணவன் முகத்துக்கு நேராகக் குனிந்தாள். “கோவிச்சுக்காதீங்க. நாலு வருஷம் நீங்க சொன்னபடி கேட்டேன். இதுக்கு மேல என்னால முடியாது.” சொல்லிவிட்டுப் பனியனைக் கீழிருந்து கழுத்துவரை வெட்டித் திறந்தாள்.

இடது பக்கம் மார்பே இல்லை. அக்குள்வரை ஒரு தழும்பு ஓடியது.

கொட்ரேஷ் தழும்பைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். “அப்போ... அந்த நோய் உங்களுக்குன்னு...”

“எனக்கு ஒண்ணுமில்ல. மாத்திரை தின்னதெல்லாம் உங்க அண்ணன்.”

வெளியே பஜனைக்காரர்களின் ஜால்ரா சத்தம் கேட்டது.

“வலிச்சுதா அவருக்கு?”

“ஆரம்பத்துல துளி வலி இல்ல. வலிச்சிருந்தா அப்பவே ஓடியிருப்போமே.”

அவன் இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டான்.

“எனக்கும் வலிக்கல அண்ணி” என்றான்.

“எத்தனை நாளா?”

“உகாதிப் பண்டிகையிலேர்ந்து. யார்கிட்ட போய் சொல்றது இதை?”

“நாளைக்கு முதல் பஸ்ஸுல ஹூப்ளி போறோம்.”

“மூணாம் நாள் காரியம் இருக்கே.”

“அவருக்கு இனிமே என்ன அவசரம்? உனக்குத்தான் அவசரம்.”

யாரோ கதவைத் தட்டி, “ஆச்சா?” என்று கேட்டார்கள்.

“இன்னும் இல்ல” என்றாள்.

கொட்ரேஷ் அண்ணன் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து சோப்பை எடுத்தான். “கையைத் தூக்குண்ணா” என்றான். ஒரு நிமிஷம் காத்திருந்தான். பிறகு தானே அந்தக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தழும்பின்மேல் மெதுவாகத் தேய்க்க ஆரம்பித்தான்.