விரலுக்குத் தைத்த லோகோ

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. போன கார்த்திகையில், ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில், நான் சனிக்கிழமைகளில் பேப்பர் வாசிக்கப் போகும் ஒரு சமூக மண்டபத்தில், என் கறுப்பு ஜக்கெற்றை ஒருவர் மாறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதிலிருந்துதான் இது கிடைத்தது.

அன்று அங்கே நாற்பது ஜக்கெற்றாவது தொங்கியிருக்கும். முக்கால்வாசி கறுப்பு. யாரும் யாருடையதையும் மாறிப் போடக்கூடிய ஊர் இது. ஆனால் என்னுடையதைப் போட்டுக்கொண்டு போனவர் விநாயகமூர்த்தி. ஐம்பத்து நான்கு வயது. ஒரு காலம் பேக்கரியொன்றின் பாண் லொறி ஓட்டியவர். நீரிழிவால் இரண்டு வருடங்களுக்கு முன்னர் பார்வையை முழுதாக இழந்தவர்.

(முதலில் எழுதிய தொடக்கம்: ‘பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில், தையல் ஊசியின் ஓசை மெல்ல’ – வெட்டிவிட்டேன். அன்று பனியும் இல்லை, மாலையும் இல்லை. ரொறன்ரோ என்று காட்டுவதற்காகப் பனியைக் கொட்டுவது என்னுடைய பழைய சோம்பல்.)

கதை என்னுடையதும் அல்ல, நிலாணியுடையது. அவரிடம் போவோம்.

2

நிலாணிக்கு முப்பத்தொன்பது வயது. மண்டபத்துக்கு எதிர்க் கட்டடத்தில் பதினாலாம் மாடி. கிழமை நாட்களில் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் வேலை. யாரோ கைவிட்ட ஒரு பழைய எம்ப்ரொய்டரி மெஷினை வாங்கிச் சாப்பாட்டு மேசையில் ஏற்றியிருந்தார். அதன்பிறகு அந்த வீட்டில் எல்லோரும் சோபாவில் இருந்துதான் சாப்பிட்டார்கள்.

மெஷினுக்குப் படம் விளங்காது. ஊசி எங்கே இறங்க வேண்டும், எந்தப் பக்கம் சாய்ந்து ஓட வேண்டும், எங்கே நூலை வெட்ட வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். ஒரு லோகோவை அப்படி ஊசி போகும் பாதையாக மாற்றுவதைத்தான் டிஜிடைஸ் பண்ணுவது என்கிறார்கள்.* நிலாணி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு மென்பொருளை இறக்கி, பிழைவிட்டுப் பிழைவிட்டுத் தானாகவே பழகிக்கொண்டார்.

ஒருநாள் லிஃப்டில் விநாயகமூர்த்தியின் மனைவி யோகமலர் அவரைப் பிடித்துக்கொண்டார்.

“பிள்ளை, இவற்ர ஜக்கெற்றில ஏதாவது அடிச்சுத் தருவீரோ? தன்ர எண்டு இவர் கண்டுபிடிக்கிற மாதிரி.”

“ஏனக்கா, என்ன நடந்தது?”

யோகமலர் நடந்ததைச் சொன்னார். ‘காலாற’ என்று ஒரு நடைக்குழு. பார்வையில்லாத எட்டுப் பேர் சனிக்கிழமை காலைகளில் மண்டபத்தில் கூடி, துணைக்கு வருபவர்களோடு நடக்கப் போவார்கள். ஜக்கெற் மாறிய நாளிலிருந்து விநாயகமூர்த்தி தனியாகப் போக மறுத்தார். ஆகவே பேக்கரியில் இரவு வேலை முடித்து வரும் யோகமலர், படுக்காமல் அவரோடு வந்து மண்டபத்துக் கதிரையில் இரண்டு மணித்தியாலம் இருந்தார். ஒவ்வொரு சனியும்.

* இந்தச் சொல்லுக்குத் தமிழ் தேடி ஒரு பின்னேரத்தை வீணாக்கினேன். நிலாணி சிரித்தார். “நாங்கள் ‘ஊசிக்கு வழி கீறுறது’ எண்டு சொல்லுவம் அண்ணை.” ‘நாங்கள்’ என்றால் அவரும் அவருடைய மெஷினும்.

3

இந்தப் பகுதியை எழுதாமல் தப்பப் பார்த்தேன்.

அன்று இருபது நிமிடம் ஜக்கெற் இல்லாமல் மண்டப வாசலில் நின்றேன். வீட்டுக் கதவைத் திறக்க வேண்டிய திறப்பு அதன் பொக்கற்றுக்குள். கதவு திறந்தது, என் ஜக்கெற் உள்ளே வந்தது. போட்டிருந்தவரின் கையில் வெள்ளைத் தடி இருந்ததைப் பார்க்க முதல் என் வாய் முந்திவிட்டது.

“கண் தெரியாதோ உமக்கு?”

“ஓம் தம்பி, தெரியாது” என்றார் அவர். கழற்றி நீட்டினார். தன்னுடைய ஜக்கெற்றுக்குள் இருந்த இன்சுலினைத் தேடித்தான் நடையின் அரைவழியில் திரும்பியிருக்கிறார்.

(முதல் வரைவில் என் கேள்வியை ‘றோய்’ என்று ஒரு கோபக்காரனின் வாயில் வைத்திருந்தேன். றோய் என்று யாரும் இல்லை. அவனைக் கதையிலிருந்து அனுப்பிவிட்டேன்.)

4

குழுவுக்கு ஏற்கெனவே ஒரு லோகோ இருந்தது. உதிக்கும் சூரியன், ஒரு மரம், கைகோத்த இரண்டு பேர், வளைந்த பாதை, கீழே ‘காலாற’ என்ற எழுத்து. யாரோ ஒருவரின் மருமகன் வரைந்து வாட்ஸ்அப்பில் அனுப்பியது. நிலாணி அதை மென்பொருளிடம் கொடுத்து, நீயே பிரித்துக்கொள் என்று விட்டார். அது சூரியனை மட்டும் அறுபது துண்டாக வெட்டித் தந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, தன் கையாலேயே ஒவ்வொரு கோடாக வரைந்தார். மூன்று கிழமை போனது. பரீட்சைத் துணியில் அடித்தபோது, சூரியன் மஞ்சளிலிருந்து செம்மஞ்சளுக்கு இறங்குவதைப் பார்த்து அவருக்கே பெருமையாக இருந்தது.

விநாயகமூர்த்தியின் வீட்டுக்குக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தார். அவர் விரலால் தடவினார். திரும்பவும் தடவினார்.

“சூரியன் எங்க பிள்ளை?”

“உங்கட விரலுக்குக் கீழதான் அண்ணை.”

“இதுவோ? நான் மரமெண்டெல்லோ நினைச்சன். கோவியாதையும், சோறு கொட்டிக் காய்ஞ்ச சீலை மாதிரிக் கிடக்கு.”

நிலாணிக்கு முகம் சுட்டது. மூன்று கிழமையும் தான் கண்ணுக்குத்தான் தைத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. துணியைத் திரும்ப வாங்கக் கை நீட்டினார். அவர் விடவில்லை. ஓரிடத்தில் விரல் நின்றுவிட்டது.

“உது என்ன? வழுவழுவெண்டு ஓடுது.”

“அது பாதை அண்ணை. அதை மட்டும் சாட்டின் தையலில விட்டனான். குறுக்கால நெருக்கி ஓடுறது, அதான் எழும்பி நிக்குது.”

“இது விளங்குது. மற்றதெல்லாம் சத்தம்.”

நிலாணி வீட்டுக்கு வந்து சூரியனை அழித்தார். மரத்தை அழித்தார். கைகோத்த இருவரை அழிக்கக் கொஞ்சம் தயங்கிப் பிறகு அழித்தார். பாதை மட்டும் மிஞ்சியது. நூலுக்கு அடியில் மெல்லிய நுரைத்தாள் வைத்து அதை இன்னும் உயர்த்தினார். குழுவில் ஆளுக்காள் வேறுபடப் பாதையின் குறுக்கே குட்டைக் கோடுகள் வைத்தார். ஒருவருக்கு ஒன்று, இன்னொருவருக்கு இரண்டு. விநாயகமூர்த்திக்கு மூன்று.

5

துணியில் சரி வந்தது. இனி உண்மையான ஜக்கெற். விநாயகமூர்த்திக்கு இருந்த ஒரேயொரு குளிர் ஜக்கெற்.

நிலாணி அதன் நெஞ்சுப் பக்கத்தைச் சட்டத்தில் இறுக்கி, மெஷினைத் தட்டிவிட்டார். பாதை பாதி ஓடியிருக்கும், ஊசியின் சத்தம் மாறியது. நிறுத்தித் தூக்கிப் பார்த்தால், கீழே மடிந்து போயிருந்த ஜக்கெற்றின் இடது கை நெஞ்சோடு சேர்ந்து தைபட்டிருந்தது.

(இங்கே துணி கிழிந்துபோனதாக ஒரு வரைவு வைத்திருக்கிறேன். பஞ்சு வெளியே பறக்கிறது, நிலாணி அழுகிறார், நல்லாகத்தான் வந்திருக்கிறது. அதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். “ஏனண்ணை, எனக்கு நல்லது நடந்தா உங்கட கதை ஓடாதோ?” என்று கேட்டார்.)

நடந்தது இதுதான். அவர் யன்னல் வெளிச்சத்தில் இருந்து, தையல் பிரிக்கும் கத்தியால் ஒவ்வொரு நூலாக ஒன்றரை மணித்தியாலம் வெட்டினார். கை கழன்று வந்தது. துணியில் ஊசித் துளைகள் தவிர ஒன்றும் இல்லை. அவையும் நகத்தால் நீவ மறைந்தன. நிலாணி கதிரையில் சாய்ந்து, தனியே, சத்தமாகச் சிரித்தார். பிறகு ஜக்கெற்றின் இரண்டு கைகளையும் முதுகுப் பக்கம் ஊசி குத்திக் கட்டிவிட்டு, பாதையை முதலிலிருந்து தைத்து முடித்தார்.

6

மாசி மாதத்துச் சனிக்கிழமை. நடை முடிந்து, தேத்தண்ணி முடிந்து, எல்லோரும் வெளிக்கிடும் நேரம். நிலாணி ஒரு மூலையில் நின்றார். நான் இன்னொரு மூலையில்.

விநாயகமூர்த்தி ஜக்கெற்றுகளின் வரிசையில் இறங்கினார். ஒவ்வொன்றின் நெஞ்சிலும் கை வைத்தார். என்னுடையதில் வைத்து, “உது மொட்டை” என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அடுத்தது. அதற்கடுத்தது. தன்னுடையதைக் கடந்து போனார். நிலாணி வாயைப் பொத்திக்கொண்டார். இரண்டு ஜக்கெற் தள்ளிப் போய் நின்று, திரும்பி வந்தார். விரல் வளைவில் ஏறியது.

“ஒண்டு, ரெண்டு, மூண்டு. இது நான்.”

யாரும் கைதட்டவில்லை. பாதிப் பேருக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. நிலாணி மட்டும் சுவரில் சாய்ந்து மூச்சு விட்டார்.

நான் கிட்டப் போனேன். “அண்ணை, அண்டைக்குக் கத்தினது நான்தான்.”

“குரல் தெரியும் தம்பி” என்றார், ஜக்கெற்றின் சிப்பை இழுத்துக்கொண்டு. “ஜக்கெற் இல்லாமல் நிண்டா ஆருக்கும் கோவம் வரும். இவ்வளவு நாளும் ஏன் கிட்ட வரேல்லை?”

நான் கதவைத் திறந்து பிடித்தேன். அவர் தடியைத் தட்டிக்கொண்டு தனியாக வெளியே போனார்.

7

முடிவுக்கு மூன்று எழுதிப் பார்த்தேன். ஒன்றில், எட்டுப் பேரும் எட்டு ஜக்கெற்றோடு வரிசையாக நடக்கிறார்கள். விளம்பரம் மாதிரி இருந்தது. இன்னொன்றில், நிலாணி பெரிய கடை திறக்கிறார். அவர் திறக்கவில்லை, திங்கட்கிழமை சலவைக்குத்தான் போனார். மூன்றாவது என் மன்னிப்பைப் பற்றியது. அது யாருக்கும் வேண்டாம்.

ஆனால் அன்று மண்டபத்தில் ஒரு கதிரை வெறுமையாக இருந்தது. யோகமலர் வரவில்லை. இரவு வேலை முடித்து வந்தவர், கணவர் தனியாக வெளிக்கிட்டுப் போனபிறகு, யன்னல் சீலையை இழுத்துவிட்டுப் படுத்திருக்கிறார். மூன்று மாதத்துக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை காலையில். விநாயகமூர்த்தி கதவைத் திறந்து உள்ளே வரும்போதும் அவர் எழும்பவில்லையாம்.

எப்போது எழும்பினார், கணவர் என்ன சொன்னார், அவர் என்ன கேட்டார் என்று எனக்குத் தெரியும். எழுதப் போவதில்லை. உங்களுக்கு ஒரு முடிவு கட்டாயம் வேண்டுமென்றால் நீங்களே போய் யோகமலரை எழுப்புங்கள்.

என்னால் ஏலாது. நல்ல நித்திரை.