செம்முகம் துடைக்கும் வரை

எங்கள் லாரி ஓடினால் லாரி, நின்றால் மேடை. பக்கப் பலகைகளை இறக்கி, இரும்புக் கால்களை ஊன்றி, திரையைக் கட்டிவிட்டால் அப்புறம் நாடகம்தான். சாவி என் சட்டைப் பையில் இருந்தாலும் வண்டியை ஓர் அங்குலம் நகர்த்த முடியாது.

பதினோரு பேர் கொண்ட சீனப் பாட்டு நாடகக் குழு. நேற்று சிம்பாங் அம்பாட், இன்று லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஒரு சீனக் கோயில் வாசல், நாளை தைப்பிங். முன்பு இந்த லாரியை ஓட்டியவர் என் அண்ணன் கார்த்திகேசு. ஓட்டியதோடு நிற்காமல் குழுவின் முதல் நடிகை சியூ லானைக் கல்யாணமும் செய்துகொண்டார். அம்மா ஆறு மாதம் அவரோடு பேசவில்லை. பிறகு மருமகள் வைத்த மீன் கறியைச் சாப்பிட்டுவிட்டு வாயைத் திறந்தாள். அண்ணி பாடும்போது அண்ணன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கேட்பார். ஒவ்வொரு ஊரிலும், "மூணாவது பாட்டுல சுருதி எறங்குது லா" என்று வம்பிழுப்பார். அவருக்குப் பக்கவாதம் வந்த பிறகு வண்டி என் கைக்கு வந்தது.

மூன்று நாளாக அண்ணன் மறுபடியும் ஆஸ்பத்திரியில், தீவிலிருந்து கடல் பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம், செபராங் ஜெயாவில். அவர் மகள் ஷர்மினி கூட இருந்தாள். காலையில் அண்ணனே போனில் அண்ணியிடம், "கஞ்சி குடிச்சிட்டேன், நீ போய் ஆடு" என்று குழறிக் குழறிச் சொன்னார். அதன் பிறகுதான் அண்ணி வேஷம் போட உட்கார்ந்தார்.

அன்றைக்கு அவருக்கு குவான் கோங் வேஷம். சிவந்த முகம் கொண்ட போர்த்தெய்வம். அந்த முகத்தை எழுதிவிட்டால் நடிகரே சாமி. அந்த நிமிஷத்திலிருந்து, மேடையில் பாடும் பாட்டும் வசனமும் தவிர ஒரு வார்த்தை பேசக் கூடாது. ஆட்டம் முடிந்து, சாமிக்கு எரிக்கும் தாளால் சாயத்தைத் துடைத்த பிறகே வாய் திறக்கலாம். இந்தக் கட்டுப்பாட்டைக் கண்டாலே எனக்கு எரிச்சல். ஒரு டீ கேட்டால்கூடவா சாமிக்குக் கோபம் வரும்?

மதியம் இரண்டரை மணி. அண்ணி கடைசியாகப் புருவத்தையும் எழுதி முடித்த நேரத்தில் ஷர்மினி போனில் கூப்பிட்டாள்.

"சித்தப்பா, அப்பாவுக்கு மறுபடி வந்திருச்சு. ரொம்ப நேரம் இல்லன்னு டாக்டர் சொல்றாரு. கண்ணு அம்மாவையே தேடுது. அம்மாகிட்ட குடுங்க, ஒரு வார்த்த பேசச் சொல்லுங்க."

ஸ்பீக்கரில் போட்டு நீட்டினேன். அண்ணி வாயைத் திறந்தார். உடனே கையால் பொத்திக்கொண்டார். குழுத் தலைவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் ஏதாவது சொல்லித் தடுத்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

"பேசுங்க அண்ணி! சாமி கோச்சுக்கிட்டா என்னைக் கேக்கட்டும்!"

அவர் மாட்டேன் என்று தலையாட்டினார். இந்த நேரத்தில் சாமியைப் பகைத்தால் அது அண்ணன் தலையில்தான் விடியும் என்ற பயம் அந்தக் கண்ணில் அப்பட்டமாகத் தெரிந்தது. சாமிக்குப் பயந்த வீட்டில் வளர்ந்தவன் நான். அதற்கு மேல் கத்த முடியவில்லை.

அண்ணி போனைக் காட்டினார். மேடையைக் காட்டினார். தன் தொண்டையைத் தொட்டார். எனக்குப் புரிந்தது.

"ஷர்மினி, போனை அப்பா காதுல வை. அம்மா பாடப் போறாங்க."

மேடை ஓரத்தில், திரைக்குப் பக்கத்தில் போனைத் தூக்கிப் பிடித்து நின்றேன். மேளமும் தாளமும் காதைப் பிளந்தன. வெயிலில் பார்க்க வந்தவர்கள் இரண்டு கிழவர்கள். அண்ணி கோயில் சாமியைப் பார்த்துப் பாட வேண்டியவர், என் கையைப் பார்த்துப் பாடினார். அப்படி ஒரு குரலை நான் அவரிடம் கேட்டதே இல்லை.

முதல் பாட்டு முடிந்து அவர் முதுகைத் திருப்பியதும் போனைக் காதில் வைத்தேன்.

"அப்பா போயிட்டாரு சித்தப்பா."

"எப்போ?"

"மேளம் அடிக்கிறப்பவே. அம்மா அப்போ பாடவே ஆரம்பிக்கல."

அழுகையோடு போன் கட்டானது. என் அண்ணன் போய்விட்டார். அழக்கூட எனக்கு நேரமில்லை. அண்ணி திரும்பினார். அவர் கண் நேராக என் கைக்கு வந்தது. கையை இறக்கினால் தெரிந்துவிடும். பாதி ஆட்டத்தில் சாமி விழுந்துவிடும். போனை மறுபடி தூக்கினேன்.

ஒரு மணி நேரம் அப்படியே நின்றேன். அணைந்துபோன போனுக்கு அண்ணி இரண்டாவது பாட்டைப் பாடினார், மூன்றாவதைப் பாடினார். சுருதி இறங்கவே இல்லை. தோள் விண்விண் என்று தெறித்தது. ஓடிப்போய் வண்டியை எடுக்கலாம் என்று பார்த்தால், வண்டியின் மேல்தான் அவர் ஆடிக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முடிந்தது. அண்ணி தாளை எடுத்து அவசர அவசரமாக முகத்தைத் துடைத்தார். சிவந்த தாள்கள் ஒவ்வொன்றாகத் தீயில் விழுந்தன. அவருடைய சொந்த முகம் வெளியே வந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னிக்கு மூணாவது பாட்டு சரியா வந்துச்சு தம்பி. உங்க அண்ணன் என்ன சொன்னாரு?"

என் முகத்தில் எந்தச் சாயமும் இல்லை. எந்தச் சாமியும் என்னைத் தடுக்கவில்லை. சொல்ல வாய்தான் வரவில்லை.