சாட்சி மீன்கள்

இதனால் உலகத்தாருக்கு அறிவிக்கப்படுவது என்னவென்றால், சாய ஆலையிலிருந்து ஆற்றில் கலக்கும் தண்ணீர் பரிசுத்தமானது. சாட்சி, ஆலை வாசலில் இருக்கும் கண்ணாடித் தொட்டி. அதே தண்ணீரில் ஆண்டுக்கணக்காகக் கெண்டை மீன்கள் நீந்துகின்றன. பார்த்த பெரிய மனிதர்கள் எல்லாரும் நெகிழ்ந்திருக்கிறார்கள்.

தொட்டியைக் கவனித்துவந்தவர் நேற்று சாயங்காலம் மாரடைப்பில் போய்விட்டார்.

உடலை எடுப்பதற்குள் ஆலை மேலாளர் மலர்வளையத்தோடு வந்து நின்றார். அதில் அப்பாவின் பெயரைவிட ஆலையின் பெயர் பெரிதாக இருந்ததை மகள் கவனித்தாள்.

"உங்கப்பா எங்க ஆலைக்கே தூணும்மா."

"தூண் உள்ள கெடக்கு, போய்ப் பாருங்க," என்றாள் அத்தை.

மேலாளர் மகளிடம் குரலைத் தாழ்த்தினார். "ஆய்வுக் குழு கெளம்பிட்டாங்க. தொட்டியில எல்லாம் மல்லாந்து கெடக்கு. அந்த டிரம் எங்கம்மா?"

கொல்லையில் மழைத்தண்ணீர் டிரம் இருந்தது. தினமும் விடியுமுன் அதிலிருந்து உயிர்மீன்களை வாளியில் கொண்டுபோவார் அப்பா. செத்த மீன்களோடு திரும்புவார். ஆற்றில் மீனே அற்றுப்போன வருஷம் அவர் மீன் சாப்பிடுவதை நிறுத்தினார். காரணம் சொன்னதில்லை.

மகள் கொல்லைக்குப் போனாள். மேலாளர் நிம்மதியாகப் பின்தொடர்ந்தார். அவள் டிரம்மை மூடி, மூடிமேல் உட்கார்ந்துகொண்டாள்.

"என்னம்மா இது?"

"துக்க வீடு சார். உக்காரக் கூடாதா?"

"அப்பா வேலைய உனக்கே போட்டுத் தரேன்."

"அந்த வேலைக்கு இன்னிக்கு லீவு."

"அவர் சரியாக் கவனிக்கலன்னுதான் நான் சொல்ல வேண்டி வரும். பேரு கெட்டுப்போகும்."

"சொல்லுங்க. செத்துப்போனதால மீன மாத்தலன்னு சேத்துச் சொல்லுங்க."

உள்ளே அழுகை உயர்ந்தது. உடலைத் தூக்கிவிட்டார்கள். மகள் வாசலைப் பார்த்தாள். மேலாளர் டிரம்மைப் பார்த்தார். அவள் எழவில்லை.

அத்தை மூச்சிரைக்க வந்தாள். "எந்திரிடி. நீ போய் அப்பாவ அனுப்பு. நான் உக்காந்துக்கறேன்." உட்கார்ந்தாள்; மூடி நெளிந்தது. "என்னை நகத்தணும்னா லாரி கொண்டாரச் சொல்லு உங்க சார."

மேலாளர் கார் ஏறினார்.

ஊர்வலம் ஆலை வாசலைக் கடந்தபோது ஆய்வுக் குழு தொட்டியைச் சுற்றி நின்றது. மேலாளர் கைகளை விரித்து, வெயில் நேரத்தில் மீன்கள் ஆழ்ந்த ஓய்வில் இருக்கும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். மகள் நடையை நிறுத்தவில்லை; முகத்தை மட்டும் திருப்பிப் பார்த்தாள். குழுவில் ஒருவர் கைக்குட்டையை எடுத்தார்.

மீன் நாறியது.